பகலில் 70, இரவில் 350: பக்கேஜைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சுன்னாகத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வீட்டில 4ஜி ரவுட்டர். ஸ்பீட் டெஸ்ட் போட்டா 25 எம்பிபிஎஸ் காட்டுது. பகல்ல வலொரண்ட் 70 பிங்கில நல்லா ஓடும். இரவு ஏழரைக்குப் பிறகு 250, 350 எண்டு ஏறும். சிலநேரம் மேட்ச் நடுவில கட்டாகித் திரும்பக் கனெக்ட் ஆகும். பெரிய பக்கேஜுக்கு மாறவா, இல்லாட்டி கேமிங் ரவுட்டர் ஒண்டு வாங்கவா? தெரிஞ்ச அண்ணாமார் சொல்லுங்கோ." பக்கேஜா ரவுட்டரா என்று கேட்டாலும், தம்பிக்குத் தெரிய வேண்டியது காசு கொடுத்தால் இந்தச் சுணக்கம் போகுமா என்பதுதான். சுணக்கம் எந்த இடத்தில் உண்டாகிறது என்று தெரிந்தால் மட்டுமே அதற்குப் பதில் சொல்லலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லை. ஒரு இரவும், அதிகாலையில் ஒரு கால் மணித்தியாலமும் போதும்.

முதலில் 25 எம்பிபிஎஸ் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். பஸ் பெரிதாக இருந்தால் அதிகம் பேர் ஏறலாம், ஆனால் அதற்காக அது கொழும்புக்கு வேளைக்குப் போய்ச் சேராது. ஸ்பீட் டெஸ்ட் பஸ்ஸின் அகலத்தைச் சொல்கிறது, பிங் என்பது பயண நேரம். வலொரண்ட் மாதிரி ஒரு விளையாட்டு அனுப்புவதும் பெறுவதும் சின்னச் சின்னத் தரவுப் பொதிகள். 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. 25 எம்பிபிஎஸ்ஸில் ஓடாத விளையாட்டு 100 எம்பிபிஎஸ் பக்கேஜில் ஓடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்ததாக, எவ்வளவு குறைய முடியும் என்ற எல்லையைத் தெரிந்து வைத்திருங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகும். அதனால் ஒவ்வொரு 100 கிலோமீற்றருக்கும் போய்வர 1 மில்லிசெக்கன் என்று கணக்கு வைக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழி 400 கிலோமீற்றர் அளவில், அது 4. கொழும்பிலிருந்து, வலொரண்ட் சேர்வர் உள்ள சிங்கப்பூருக்கு வான்வழியே 2,700 கிலோமீற்றர், அது 27. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் உள்ள கருவிகளும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஆகவே சிங்கப்பூர் சேர்வருக்கு 30க்குக் கீழே எந்த ரவுட்டராலும் கொண்டுவர முடியாது. 4ஜியில் போனுக்கோ ரவுட்டருக்கோ, ரவருக்கும் (சிக்னல் கோபுரத்துக்கும்) இடையிலேயே 20 முதல் 40 வரை போய்விடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்கள் பகல் நேர 70 நல்ல எண். அதைக் குறைக்க மினக்கெட வேண்டாம். நமக்கு வடக்கே சென்னை வான்வழியில் 400 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. ஆனாலும் கடல் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கம் என்பதால் நம் பொதிகள் தெற்கே முழு நாட்டையும் கடந்துதான் கடலில் இறங்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து விளையாடுபவர் கொழும்புக்காரரைவிடச் சில மில்லிசெக்கன் பின்தங்குவது இதனால்தான். அந்த வித்தியாசம் யார் வெல்வது என்பதைத் தீர்மானிக்காது. பிரச்சினை 70 எப்படி 350 ஆகிறது என்பதில்தான் இருக்கிறது.

இரவு எட்டு எட்டரைக்கு, பிங் ஏறி நிற்கும் நேரத்தில், சோதனையைத் தொடங்குங்கள். முடிந்தால் கணினியை லான் வயரால் நேரே ரவுட்டரில் மாட்டுங்கள். விண்டோஸ் பட்டனை அமத்தி சி, எம், டி (cmd) என்ற மூன்று எழுத்தையும் அடித்து என்டரை அமத்தினால் கறுப்புத் திரை வரும். அப்படி இரண்டு திரை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் பிங் (ping) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். அது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பிறகு இன்னோர் இடைவெளி, கழித்தல் குறி, ஆங்கில t எழுத்து, கடைசியாக என்டர். இப்படிக் கொடுத்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது திரையில் அதையே 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள், அது வெளியே இருக்கும் கூகுளின் சேர்வர். குறைந்தது 200 வரியாவது ஓடவிட்டு, கொன்ட்ரோலும் சியும் சேர்த்து அமத்தினால் கூட்டுக்கணக்கு வரும். விளையாட்டு சேர்வரையே பிங் பண்ண வேண்டியதில்லை. பல சேர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்லாமலே இருக்கும், அதைப் பழுது என்று எடுக்கக்கூடாது. சேர்வர்வரை உள்ள நிலையைப் பார்க்க வலொரண்டின் செற்றிங்ஸில் நெட்வேர்க் சுணக்கம், பொதி இழப்பு இரண்டையும் திரையில் காட்டும் வசதி உண்டு.

முதல் திரையில் வயர் என்றால் எல்லா வரியும் 1 மில்லிசெக்கன் அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். வை-ஃபை என்றால் 2 முதல் 5. அங்கேயே 80, 150 என்று துள்ளினால் கொம்பனியும் ரவரும் குற்றவாளி இல்லை, உங்கள் வீட்டு வை-ஃபைதான். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுவர் தடிப்பானது. முன் விறாந்தையில் ரவுட்டரும் கடைசி அறையில் கணினியும் என்றால் நடுவில் மூன்று சுவர் நிற்கும். இதற்கு வயர் இழுப்பதுதான் முழு மருந்து. கேட் 5ஈ வயர் 100 மீற்றர்வரை தாங்கும், ஒரு வீட்டுக்கு 20 மீற்றர் தாராளம். வளவைக் கடந்து பின்வீட்டுக்கு வெளியால் இழுக்காதீர்கள். ஐப்பசி இடிமுழக்கத்தில் அந்த வயர் வழியே ரவுட்டரின் லான் வாயும் கணினியும் சேர்ந்து எரிந்துபோகலாம். வயர் இழுக்க முடியாவிட்டால் 5 கிகாஹேர்ட்ஸ் வை-ஃபைக்கு மாறி ரவுட்டரை அதே அறைக்குக் கொண்டுவாருங்கள். 2.4இல்தான் இருக்க வேண்டுமென்றால் சனல் 1, 6, 11 மூன்றில் அயல்வீட்டார் குறைவாகப் பாவிப்பதைப் போடுங்கள். போனில் புளூடூத் ஹெட்செட் மாட்டி விளையாடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புளூடூத் ஓடுவதும் அதே 2.4இல்தான். அதோடு அதன் சத்தம் 100 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தியே காதுக்கு வரும். அது இணையச் சுணக்கம் இல்லாவிட்டாலும் விளையாடுபவருக்கு அப்படித்தான் தோன்றும்.

முதல் திரை 1 மில்லிசெக்கனில் அசையாமல் நிற்க, இரண்டாவது மட்டும் 300க்குப் போனால் சோதனையின் முக்கியமான பகுதிக்கு வந்துவிட்டீர்கள். அந்த நேரத்திலேயே வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளையும் பத்து நிமிடம் துண்டியுங்கள். அம்மாவின் போன், ரிவி, சிசிரிவி கமரா, உங்கள் பையில் கிடக்கும் உங்கள் சொந்தப் போன், ஒன்றையும் விடாதீர்கள். சொல்லித் துண்டிக்க வைப்பதைவிட வை-ஃபை பாஸ்வேர்டைப் பத்து நிமிடத்துக்கு மாற்றிவிடுவது நிச்சயமானது. இப்போது இரண்டாவது திரையைப் பாருங்கள். 70க்கு இறங்கினால் நெரிசல் உங்கள் வீட்டுக்குள்தான். 300இலேயே நின்றால் நெரிசல் ரவரிலோ அதற்கு அப்பாலோ. விளையாட்டுக்குள் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் மருந்து வேறு வேறு. பலர் காசை வீணாக்குவது இந்த இடத்தில்தான், அதனால்தான் இந்தப் பத்து நிமிடத்தைத் தவற விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக்குள் என்றால் நடப்பது இதுதான். இரவு எட்டு மணி லண்டனில் பின்னேரம், கனடாவில் காலை. மாமாவும் சித்தியும் வீடியோவில் கதைக்க வரும் நேரமே அதுதான். அதே வேளை ஒருவர் கோயில் திருவிழா வீடியோவை வைபரில் அனுப்புவார், இன்னொருவரின் போன் அன்று எடுத்த படங்களைக் கூகுளில் சேமிக்கும். இவை எல்லாம் அப்லோட். 4ஜியில் அப்லோட் டவுன்லோட்டைவிட மிகக் குறைவு. இரவு நெரிசலில் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். அந்த வழியில் போக முடியாத பொதிகளை ரவுட்டர் எறியாது, வரிசையில் வைத்துக்கொள்ளும். வரிசையில் 64 கிலோபைட் சேர்ந்தால் அது 512 கிலோபிட். 2 எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 0.25 செக்கன், அதாவது 250 மில்லிசெக்கன். உங்கள் துப்பாக்கி சுட்ட செய்தி 100 பைட் அளவுதான், ஆனால் அது அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. சங்கக்கடையில் நெருப்புப்பெட்டி வாங்க வந்தவர் மூட்டை கட்டுபவர்களுக்குப் பின்னால் நிற்பது மாதிரி. 70உம் 250உம் 320. உங்கள் திரையில் தெரியும் எண்ணும் அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

இதற்குப் பக்கேஜைக் கூட்டினால் வரிசை கொஞ்சம் கெதியாகக் கரையலாம், ஆனால் பெரிய வீடியோ வந்தால் திரும்பவும் நிரம்பும். வரிசையையே கட்டுப்படுத்துவதுதான் சரியான வழி. ரவுட்டரில் கியூஓஎஸ் அல்லது பான்ட்வித் கொன்ட்ரோல் என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். மொத்த அப்லோட்டை, இரவு நேரத்தில் கிடைக்கும் மிகக் குறைந்த அளவின் 85 வீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். இரவு 3 எம்பிபிஎஸ் கிடைத்தால் 2.5 போடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து வரிசையை உங்கள் கைக்குள் கொண்டுவருகிறீர்கள். இதை நன்றாகச் செய்வது ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டர். அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் (SQM) நிரலை நிறுவி, கேக் (CAKE) என்ற வரிசை முறையைத் தெரிவு செய்தால் சின்னப் பொதிகள் மூட்டைகளுக்குப் பின்னால் காத்திருக்காது. 4ஜியின் வேகம் மணிக்கு மணி மாறுவதால் ஒரே எண் எப்போதும் பொருந்தாது என்பது உண்மை. அதற்காக எல்லையைத் தானே கூட்டிக் குறைக்கும் கேக்-ஓட்டோரேட் என்ற நிரலும் உண்டு. ஆகவே ரவுட்டர் வாங்குவதென்றால், நிற விளக்குகளையும் நாலு அன்ரனாக்களையும் பார்த்து வாங்காதீர்கள். எஸ்கியூஎம் இருக்கிறதா, அல்லது ஓபன்டபிள்யூஆர்டி போடலாமா என்று மட்டும் கேளுங்கள். இரண்டும் இல்லாத "கேமிங்" ரவுட்டர் இந்தப் பிரச்சினைக்கு எதுவும் செய்யாது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் போன்களில் படச் சேமிப்பை இரவு 12க்குப் பிறகு வையுங்கள். இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்துக்கு விளையாட்டு அப்டேட்களையும் தள்ளலாம். சித்தியின் அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. வீடியோவின் தரத்தைக் குறைத்தாலே வரிசை குறையும்.

வீட்டைத் துண்டித்தும் 300இலேயே நின்றால், அதே சோதனையை அதிகாலை ஐந்து மணிக்குச் செய்யுங்கள். அப்போது 60, 70 வந்தால் இரவு நேர ரவர் நெரிசல் என்று பெரும்பாலும் நம்பலாம். ஐந்து மணிக்கும் மோசம் என்றால் உங்களுக்கு வரும் சிக்னலே பலவீனமாக இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி (RSRP) சிக்னலின் பலம்: -90க்கு மேல் நல்லது, -110க்குக் கீழே மோசம். சின்ர் (SINR) என்ற எண் அதன் தெளிவு: 13க்கு மேல் நல்லது, 0க்குக் கீழே மோசம். பலர் சிக்னல் கட்டைகளை மட்டும் எண்ணுகிறார்கள். விளையாட்டுக்குத் தெளிவுதான் முக்கியம். ரவுட்டரை ரிவிக்குப் பின்னால் இருந்து எடுத்து, ரவர் உள்ள பக்கத்து யன்னலோரம் வையுங்கள். மேல்மாடி இருந்தால் அங்கே. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் விட்டு சின்ரைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மீற்றர் நகர்த்தினாலே சில டெசிபெல் மாறும்.

வெளி அன்ரனா போடுவதென்றால் வயரில் கவனம் தேவை. மெல்லிய ஆர்ஜி-58 வயரை 10 மீற்றர் இழுத்தால் 1800 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 8 டெசிபெல் வயரிலேயே போய்விடும். அன்ரனா தரும் ஆதாயம் முழுவதும் அதற்கே சரி. தடித்த எல்எம்ஆர்-400 வகை வயரை இயன்றளவு குட்டையாகப் போடுங்கள், ரவுட்டரின் இரண்டு அன்ரனா வாய்க்கும் இரண்டு வயர். இது பலவீனமான சிக்னலுக்கு மருந்து. ரவரில் ஆட்கள் கூடி நிற்கிறார்கள் என்றால் எவ்வளவு உயரத்தில் அன்ரனா ஏற்றினாலும் நெரிசல் குறையாது. அங்கே பயன்படக்கூடியது பாண்ட், அதாவது 4ஜி ஓடும் அலைவரிசை, மாற்றிப் பார்ப்பது. ரவுட்டர் அனுமதித்தால் பாண்ட் 1, 3, 40 ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பூட்டி, இரவு எட்டரைக்கு 200 பிங் எடுங்கள். சிக்னல் கூடிய பாண்டில்தான் பெரும்பாலும் எல்லாரும் நிற்பார்கள். கொஞ்சம் பலம் குறைந்த பாண்ட் வெறுமையாக இருக்கலாம். சில வீட்டு இணைப்பு சிம்கள் ஒரு பாண்டில் மட்டுமே வேலை செய்யும், அப்படியென்றால் பூட்டியதும் இணைப்பே வராது. பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள், பழுது ஒன்றும் வராது.

மேட்ச் நடுவில் கட்டாவதை இதோடு சேர்த்துக் குழப்பாதீர்கள், அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். நிலைப் பக்கத்தில் ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று இருக்கும். நீங்கள் நிறுத்தாமலே அது 40 நிமிடம் என்று காட்டினால் ரவுட்டர் தானே நின்று எழும்பியிருக்கிறது. அதில் முதல் சந்தேகம் அடப்டர். 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டர் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துப்போகும். மாலை எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் போடும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே ரவுட்டர் விழும், விளக்கு சிமிட்டுவதுகூடக் கண்ணில் படாது. அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடிய அம்பியர் உள்ள நல்ல அடப்டரை மாட்டிப் பாருங்கள். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் போட்டால் மின்வெட்டுக்கும் உதவும். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வைகாசி வெயிலில் கொதிக்கும் ரவுட்டரும் இப்படி விழும். ரவுட்டர் நாட்கணக்கில் ஓடியும் இணைய இணைப்பின் நேரம் மட்டும் குறுகியிருந்தால், ரவர் பக்கத்துத் தொடர்பு அறுந்து ஒட்டியிருக்கிறது. இரண்டு ரவருக்கு இடையே ரவுட்டர் மாறி மாறித் தாவுவது அதற்கு வழமையான காரணம். நிலைப் பக்கத்தில் செல் ஐடி எண் (எந்த ரவரில் நிற்கிறது என்பதைக் காட்டும் எண்) அடிக்கடி மாறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சில இடங்களில் முடிவுக்கு அவசரப்படக்கூடாது. அதே கறுப்புத் திரையில் ட்ரேசர்ட் (tracert) என்ற கட்டளையைப் போட்டால் பொதி போகும் வழியிலுள்ள ஒவ்வொரு நிலையமும் வரும். நடுவில் ஒன்று நட்சத்திரம் காட்டினாலோ 400 காட்டினாலோ பலர் அதைத்தான் பிடிக்கிறார்கள். அந்த நிலையங்கள் தம்மிடம் கேட்கும் பிங்குக்குக் கடைசி முக்கியத்துவம்தான் கொடுக்கும், கடந்துபோகும் பொதிகளை ஒழுங்காகவே கடத்தும். நடுவில் கூடி, அதற்குப் பிறகு கடைசிவரை குறையாமல் நின்றால் மட்டுமே கணக்கில் எடுங்கள். அதேபோல மும்பை கிட்ட, சிங்கப்பூர் தூரம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. மும்பைக்கான பொதி சில நேரம் சிங்கப்பூர் போய்த் திரும்பி வரும். இரண்டு சேர்வரிலும் விளையாடி எண்ணைப் பாருங்கள். விபிஎன் உதவுவது இந்த மாதிரி வழி கோணலாக இருக்கும்போது மட்டும்தான். வீட்டு வரிசைக்கும் ரவர் நெரிசலுக்கும் அது ஒன்றும் செய்யாது, மேலதிகமாக ஒரு சுற்றுப்பாதையைத்தான் சேர்க்கும். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிஎன்எஸ் முகவரியைக் கண்டுபிடிக்கத்தான், மேட்ச் தொடங்கிய பிறகு அதற்கு வேலையே இல்லை. போர்ட் திறப்பதும் உங்களுக்குத் தேவையில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 10இலோ, 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணிலோ தொடங்கினால் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள், போர்ட் திறந்தாலும் வெளியே தெரியாது. வலொரண்ட் மாதிரித் தனி சேர்வரில் ஓடும் விளையாட்டுக்கு அதனால் பாதிப்பும் இல்லை.

எல்லாம் செய்தும் ரவர் நெரிசல்தான் என்று வந்தால், காசை பக்கேஜில் போடாமல் இணைப்பின் வகையை மாற்றுவதில் போடுங்கள். உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்திருந்தால் அதுதான் தீர்வு. வானலைப் பகுதி இல்லாமல் போவதால் 20, 30 மில்லிசெக்கன் உடனே குறையும், இரவிலும் பெரிதாக ஏறாது. போட்ட பிறகு பெட்டியில் வரும் ஒளி அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். -8 டிபிஎம்முக்கும் (dBm) -27க்கும் இடையில் இருக்க வேண்டும், -20 அளவு சுகமானது. மாரிக் காற்றில் பனையோலை வயரில் உரசியோ, அணில் கடித்தோ அது -28க்குப் போனால் பொதி இழப்பு தொடங்கும், சிவப்பு விளக்கு எரிய முன்னரே விளையாட்டில் தெரியும். ஃபைபர் வராத இடத்தில் வேறொரு கொம்பனியின் சிம்மை இரவல் வாங்கி, அதே யன்னலில், அதே எட்டரை மணிக்கு 200 பிங் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாறுங்கள்.

கொம்பனிக்கு முறையிடுவதென்றால் "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள், அவ்வளவுதான். மூன்று இரவு எட்டரைக்கும், மூன்று அதிகாலை ஐந்துக்கும் எடுத்த இரண்டு திரைகளின் படம், அந்த நேரத்து ஆர்எஸ்ஆர்பி, சின்ர், செல் ஐடி, மற்றக் கருவிகள் துண்டித்திருந்தன என்ற குறிப்பு, இவ்வளவையும் கொடுத்து முறைப்பாட்டு எண்ணை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதே எண்ணுடன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அதற்கு முன், இன்றிரவு எடுக்கும் இரண்டு திரைகளின் கூட்டுக்கணக்கையும், வீட்டைத் துண்டித்த பிறகு வந்த எண்ணையும், ரவுட்டரின் மாதிரி எண்ணையும் இங்கே எழுதுங்கள். மாதிரி எண் தெரிந்தால் அப்லோட்டை மட்டுப்படுத்தும் இடமும் பாண்ட் பூட்டும் இடமும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லலாம்.